கையெழுத்து மாறினால்...

படுவான்கரையில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கு வேண்டாம். சில வருடங்களுக்கு முன் அவர்களின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்த உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குருமண்வெளித் துறையில் படகுப்பாதை ஏறி, மண்டூர்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் போனேன்.

கணக்குப் பார்ப்பதற்கு முன் கூட்ட அறிக்கைக் கொப்பியைப் புரட்டினேன். செயலாளரின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. யார் வந்தது, யார் வரவில்லை, யாருடைய கடன் எத்தனையாவது தவணை, தேநீருக்கு யார் சீனி கொண்டு வந்தது என்பது வரை எழுதியிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று, நான்கு பக்கங்கள். பிறகு ஒரு மாதத்தில் அது ஒன்றரைப் பக்கமாகிறது. அடுத்த மாதம் அரைப்பக்கம். எழுத்து கோட்டில் நிற்காமல் கீழே இறங்குகிறது. திகதி இல்லை. கடைசிக் கூட்டத்துக்கு இரண்டே வரிகள்: "கூட்டம் நடந்தது. அத்துடன் முடிவுற்றது."

"அவவுக்கு இப்ப சோம்பல் கூடிட்டு. ஆளை மாத்தத்தான் யோசிக்கிறம்" என்றார் ஓர் அங்கத்தவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "காசிலயும் ஏதும் பிழையிருக்கும் போல" என்றார். காசில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அன்று மாலை வரை இருந்து கூட்டிப் பார்த்தேன், ரூபாய் சரியாக இருந்தது.

சங்கத் தலைவி அறுபது தாண்டியவர். அவர் கொப்பியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு செயலாளரை வேலிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டது இதுதான்: "மனே, ராவில நித்திர வருதா?"

அழுகைதான் பதிலாக வந்தது. நான்கு மாதமாக நித்திரை இல்லையாம். காணாமற்போன தம்பியைப் பற்றி மீண்டும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது மூன்றாவது மனு. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது ஒன்று, 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு ஒன்று, 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் தொடங்கிய பின் இன்னொன்று. அதே பெயர், அதே திகதி, அதே சேட்டின் நிறம். அதோடு இரண்டு பேரின் நுண்கடனுக்குப் பிணை நின்று ஒப்பமிட்டிருக்கிறார். அவர்கள் கட்டவில்லை. "எழுத உக்காந்தா கை பாரமாயிருக்கு. என்ட எழுத்த எனக்கே பிடிக்கல்ல" என்றார்.

மனுக்களின் பிரதிகளையும் பிறகு காட்டினார். மூன்றிலும் எழுத்து அழகாகவே இருந்தது. மூன்றாவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பெரிய இடத்துக்குப் போகிற கடதாசி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். களைப்பு கூட்டக் கொப்பியில்தான் தெரிந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதுகிற இடத்தில்தான் கை தன் நிலையைக் காட்டும் போலும்.

இந்தச் சம்பவத்துக்குப் பின்தான் கையெழுத்துக்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் பாதி பயனுள்ளது. மறுபாதி சகோதரிகள் ஏமாந்துவிடக் கூடாதது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

எழுத்தை நிறுத்துப் பார்த்தவர்கள்

ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் 1890களில் எமில் கிரேப்பெலின் என்ற மனநல வைத்தியர் இருந்தார். இன்றைய மனநோய் வகைப்பாடுகளுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். அவர் 'எழுத்துத் தராசு' என்று ஒரு கருவியைச் செய்வித்தார. எழுதும்போது பேனை காகிதத்தில் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அது பதிந்தது. மனச்சோர்வு வந்தவரின் பேச்சும் நடையும் மெதுவாவதை நாமும் கண்டிருக்கிறோம். கையும் அப்படித்தான் மெதுவாகும் என்பது அவருடைய எண்ணம்.

நூறு வருடத்துக்குப் பின் மின்பலகைகள் வந்தன. அதன்மேல் எழுதினால் பேனையின் ஒவ்வோர் அசைவையும் கணினி பதிந்துகொள்ளும். மனச்சோர்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எழுத வைத்துப் பார்த்தார்கள். சோர்வுள்ளவர்களின் கை அசைவில் தன்பாட்டில் ஓடும் சீர் சராசரியாகக் குறைந்திருந்தது. 'சராசரியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு தாளை மட்டும் எடுத்து, இதை எழுதியவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று கேட்டால் அந்தக் கருவியாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கருவியாலேயே முடியாததை, கடதாசியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வதாகச் சிலர் சொல்கிறார்கள். எழுத்தைக் கொண்டு குணம் சொல்லும் கலைக்குப் பிரான்சில் 19 ஆம் நூற்றாண்டில் மிஷோன் என்ற பாதிரியார்தான் பெயர் வைத்துப் பரப்பினார். எழுத்து மேலே ஏறினால் உற்சாகம், கீழே இறங்கினால் கவலை, சாய்ந்தால் இப்படி, நிமிர்ந்தால் அப்படி என்று விதிகள். வேலைக்கு ஆள் எடுக்கவும் இதைப் பாவித்தார்கள். 1989 இல் நெட்டர், பென்-ஷகார் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இருவர் அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தனர். எழுத்து நிபுணர்கள், ஒன்றும் படிக்காத சாதாரண ஆட்களைவிடச் சரியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சரியாக வந்ததும் எழுத்தின் வடிவத்தால் அல்ல, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்ததோ அதை வாசித்ததால்தான்.

அதோடு அந்த விதிகள் ஆங்கில, பிரெஞ்சு எழுத்துகளுக்காக எழுதப்பட்டவை. 'ரீ' எழுத்தின் குறுக்குக் கோடு எவ்வளவு நீளம், 'ஐ' எழுத்தின் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். நம் தமிழ் எழுத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் அம்மம்மாக்கள் உண்டு. ஞாபக மறதி என்று அவர்களைச் சொல்லிவிடலாமா? ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று வைக்காமலே விட்டார்கள். நம் எழுத்துக்கு அதன் சொந்த வரலாறு இருக்கிறது.

ஆகவே உங்கள் ஒப்பத்தைப் பார்த்து உங்களுக்கு "மனம் சரியில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் கொடுப்பவரோ, மாப்பிள்ளை வீட்டாரோ, வேலை தருபவரோ அப்படிச் சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்கினால் அது அநியாயம். 'விசர்' என்ற ஒரு சொல் ஒரு பெண்ணின் காணி உறுதியையும் பிள்ளைகளையும் பறித்த கதைகள் நமக்குத் தெரியாதவையல்ல.

அப்படியானால் தலைவி செய்தது என்ன? அவர் செயலாளரின் எழுத்தை இன்னொருவரின் எழுத்தோடு ஒப்பிடவில்லை. அதே கொப்பியில், அதே கையால் ஆறு மாதத்துக்கு முன் எழுதியதோடு ஒப்பிட்டார். பார்த்துவிட்டு முடிவு சொல்லவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டார்.

கேள்விக்கு வரும் பதில் எதுவாகவும் இருக்கலாம். நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை குறையும். அப்போது எழுத்து பெரிதாகும், கோட்டை விட்டு விலகும். எனக்கே அப்படி நடந்தது. என் பிழையென்று பலநாள் பேனையை மாற்றிக்கொண்டிருந்தேன், கடைசியில் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி. இறால் உரித்துக் கிழிந்த விரல், பன் இழைத்து வீங்கிய மூட்டு, பழைய செல் காயம் என எல்லாம் எழுத்தை மாற்றும். தைரொயிட் சுரப்பி கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். அதே சுரப்பி குறைந்தால் சோர்வும் கவலையும் மனச்சோர்வு போலவே இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விடயம் இது. நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கினாலும் கை நடுங்கும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். நேற்று வரை எழுதிய கை இன்று திடீரென எழுதவில்லை, பேனை பிடிக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குளறுகிறது என்றால் அது கவலையல்ல, பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலவச அம்புலன்ஸின் இலக்கம் 1990. எங்கள் பகுதியில் அந்த வருடத்தை மறந்தவர்கள் இல்லை, இலக்கமும் மறக்காது.

குளிசையும் ஊசியும்

மனநலக் கிளினிக்குக்குப் போகும் சகோதரிகள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். எழுத்து உண்மையில் பெரிதும் பயன்படும் இடம் இதுதான்.

எழுவான்கரையில் ஒரு தாய்க்கு மாதம் ஒருமுறை ஊசி போடப்படுகிறது. ஊசி தொடங்கிய பின் அவருக்குக் குரல்கள் கேட்பது நின்றது, சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார். ஆனால் வங்கியில் காசெடுக்கப் போன இடத்தில் ஒப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை எழுத வைத்தார்களாம், ஒவ்வொரு தடவையும் ஒப்பம் இன்னும் சிறிதானது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, "இனி ஊசி வேணாம், அதுதான் என்னைக் கெடுத்தது" என்று கிளினிக் கொப்பியைப் பரணில் போட்டுவிட்டார்.

அவர் பாதி சரியாகத்தான் சொன்னார். ஹலோபெரிடோல், புளுபெனசின் போன்ற மருந்துகள் சிலருக்குத் தசைகளை விறைக்க வைக்கும், நடையைத் தளர்த்தும், முகத்தின் அசைவைக் குறைக்கும். அப்போது எழுத்து சிறுத்துச் சிறுத்துப் போகும். வரியின் தொடக்கத்தில் பயறு அளவில் இருந்த எழுத்து முடிவில் கடுகாகிவிடும். முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயிலும் இதே சிறுத்தல் உண்டு. லித்தியம், வல்புரோவேற் குளிசைகள் எழுத்தைச் சிறுக்கச் செய்வதைவிடக் கையை நடுங்க வைக்கும். அப்போது எழுத்து அலையலையாக வரும்.

1950களில் ஜேர்மனியில் ஹாஸே என்ற மனநல வைத்தியர் இதை ஓர் அளவுகோலாகவே பாவித்தார். மருந்து தொடங்குமுன் நோயாளியை ஒரு வசனம் எழுதச் சொல்வார். மருந்தைக் கூட்டும்போது அதே வசனத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார். எழுத்து இலேசாகச் சுருங்கத் தொடங்கும் இடமே போதுமான அளவு, அதைத் தாண்டி உடல் விறைக்கும்வரை கூட்டத் தேவையில்லை என்பது அவருடைய கருத்து. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு தாளும் பென்சிலும் போதுமாக இருந்தன.

அந்தத் தாயின் மகள் கிளினிக் கொப்பியைப் பரணிலிருந்து எடுத்து, பழைய வங்கிப் புத்தகத்தில் இருந்த ஒப்பத்தையும் புதிய ஒப்பத்தையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டினார். அளவைக் குறைத்து, விறைப்புக்கு ஒரு குளிசையும் கொடுத்தார்கள். ஊசி நிறுத்தப்படவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: எழுத்து மாறினால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சட்டென நிறுத்தினால் நோய் முன்னையிலும் கடுமையாகத் திரும்பலாம்.

ஒரு காலத்தில் இந்த ஆலோசனையைச் சொல்லிப் பயனில்லை. யாரிடம் காட்டுவது? யுத்தத்தின் பெரும்பகுதியில் கிழக்கில் மனநல வைத்திய நிபுணர்கள் அரிது. மட்டக்களப்பில் மகேசன் கணேசன் போன்றவர்கள் குறைந்த ஆட்களோடு அந்தச் சேவையைக் கட்டியெழுப்பினார்கள். 2004 சுனாமிக்குப் பின், 2005 இல் நாட்டின் மனநலக் கொள்கை வந்தது. சிகிச்சை தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, மாவட்டத்திலும் ஊரிலும் கிடைக்க வேண்டும் என்றது அது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'பைத்தியக்கார வார்ட்' என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பஸ் காசும் கூட வர ஆளும் இல்லாததுதான் எங்கள் பெண்களுக்குப் பெரிய தடை. படகுப்பாதை ஓடாத நாளில் கிளினிக் திகதி விழுந்தால் அந்த மாத மருந்தே போய்விடும்.

எழுத்துக்குள் இருப்பது

வடிவத்தைப் பற்றியே பேசிவிட்டேன். அதைவிட முக்கியம் என்ன எழுதியிருக்கிறது என்பது.

அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1930களில் மடத்தில் சேர்ந்த இளம் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடதாசிகள் மடத்தின் அலுமாரியிலேயே கிடந்தன. அறுபது வருடத்துக்குப் பின் டேவிட் ஸ்னோடன் என்பவரின் குழு அவற்றை எடுத்து வாசித்தது. ஒரு வசனத்துக்குள் எத்தனை கருத்துகளை நெருக்கமாகச் சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். கருத்து அடர்த்தி குறைவாக எழுதியவர்களில் முதுமையில் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டதென 1996 இல் வெளியிட்டார்கள். இதைக் கேட்டு, படிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கு மறதி நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். இருபது வயதில் எழுதிய ஒரு பக்கம் விதியல்ல.

எங்கள் செயலாளரின் கொப்பியிலும் அப்படித்தான். எழுத்து கோணியதைவிட, சீனி கொண்டு வந்தவரின் பெயர் காணாமற்போனதுதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. மற்றவர்கள் அவர் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியிருக்கிறார்கள்.

எழுத்தில் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது", "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற தொனி வந்தால், அது கொப்பியின் மூலையில் கிறுக்கியதாக இருந்தாலும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். அன்றே பக்கத்தில் இருங்கள். சாக எண்ணம் வருகிறதா என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாம்.

ஆனால் ஒருவரின் கொப்பியை அவருக்குத் தெரியாமல் எடுத்து வாசிப்பது வேறு விடயம். யுத்த காலத்தில் எழுதி வைப்பதே பயமாக இருந்தது. சுற்றிவளைப்பு என்றதும் கடிதங்களையும் படங்களையும் அடுப்பில் போட்ட வீடுகள் எத்தனை! அப்படி எரித்த ஒரு பெண் இன்று மீண்டும் நாலு வரி எழுதத் துணிந்தால், அதைக் களவாகத் திறக்கும் உரிமை அம்மாவுக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை. சங்கக் கொப்பி எல்லாருக்கும் பொது. மகளின் நாட்குறிப்பு பொது அல்ல.

எழுதத் தெரியாத, பெருவிரல் அடையாளம் வைக்கும் சகோதரிகளும் எம்மோடு இருக்கிறார்கள். அவர்களின் கையைப் பார்க்கப் பேனை தேவையில்லை. நன்றாகப் பாய் இழைக்கிறவரின் பாயில் ஓரம் கோணுகிறது, தையல்காரியின் தையல் தளர்கிறது, வலை பொத்துகிறவர் கண்ணிகளைத் தவறவிடுகிறார். பழகிய கை பழகிய வேலையில் தடுமாறுவதைப் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் காண்பார். இரண்டு கிழமைக்கு மேலாக அது தொடர்கிறதா, நித்திரை, பசி, பேச்சு எப்படி என்று சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் பாடக் கொப்பியைப் பற்றியும் ஒரு சொல். எழுத்து திடீரெனக் கெட்டுப்போனால் அடிமட்டத்தால் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கண் தெரியாமல் இருக்கலாம், காலையில் சாப்பிடாமல் போயிருக்கலாம், வீட்டில் நடக்கும் சண்டையில் நித்திரை கெட்டிருக்கலாம், சொல்ல முடியாத ஒன்றை யாராவது செய்திருக்கலாம். அடித்தால் இவற்றில் ஒன்றும் வெளியே வராது.

செயலாளருக்கு மனச்சோர்வு என்று சொன்னார்கள். குளிசையும் உளவளத்துணையும் தொடங்கின. பதவியிலிருந்து அவரை நீக்கவில்லை. அவர் சுகமாகும்வரை அறிக்கை எழுத இன்னொரு பெண்ணைத் தலைவி ஏற்பாடு செய்தார். பிணை நின்ற கடனை மூவரும் சேர்ந்து பகுதி பகுதியாகக் கட்டுகிறார்கள், அது இன்னும் முடியவில்லை. தம்பியைப் பற்றி எந்தப் பதிலும் வரவில்லை.

ஹாஸே கதையை நான் அவரிடம் சொன்னபோது அவருக்குப் பிடித்துப்போயிற்று. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒரு தடவை, ஒரே வசனத்தை, திகதியோடு எழுதி வருகிறார். என்ன வசனம் என்று கேட்டேன். "படகுப்பாதை இன்றும் பிந்தித்தான் வந்தது." போன முறை பார்த்தபோது பதினொரு வரிகள் இருந்தன. ஏழாவது வரிக்குப் பின் எழுத்து மறுபடி கோட்டில் நிற்கிறது. "வைத்தியர் வாசிச்சுச் சிரிச்சாரு. அடுத்த மாதம் பாதை நேரத்துக்கு வந்தாலும் இதையேதான் எழுதணுமா எண்டு கேட்டன்" என்றார்.